உட்கரு ஒன்று, கிளைகள் பல: நினைவு ஒரு சினாப்ஸில் மட்டும் பதிவது எப்படி?

மலர்விழி (முதுநிலை விலங்கியல்):
கடல் முயல் என்ற கடல் நத்தையின் செவுள் உள்ளிழுப்பு அனிச்சையை (தொட்டால் தானாகவே செவுளை உள்ளிழுத்துக்கொள்வது) படிக்கும்போது ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன். வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்தால் செரோடோனின் என்ற நரம்புத் தூதுப்பொருள் சுரக்கிறது, செல்லுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. கூடுகிறது, சில நிமிட நினைவு உண்டாகிறது. சரி. திரும்பத் திரும்பக் கொடுத்தால் கைனேஸ் என்ற நொதி உட்கருவுக்குள் போய், மரபணுக்களை இயக்கும் கிரெப் புரதத்தை முடுக்க, மரபணுக்கள் இயங்கிப் புதிய சினாப்ஸ்கள் (நியூரான்கள் சந்திக்கும் இணைப்புகள்) முளைக்கின்றன. ஆனால் உட்கரு ஒன்றுதானே? அங்கே உருவாவது நியூரானின் எல்லாக் கிளைகளுக்கும் போய்ச் சேருமே! வகுப்பில் கேட்டதற்கு, 'தேர்வுக்கு வராது' என்று முடித்துவிட்டார்கள்.

பழைய வாத்தியார்:
வராவிட்டால் போகட்டும் அம்மா, கேள்வி அருமையானது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எரிக் கேண்டலின் ஆய்வகத்தில் கெல்சி மார்ட்டினும் உடனிருந்தவர்களும் 1997இல் இதற்குத்தான் விடை கண்டார்கள். வளர்ப்புத் தட்டில் ஒரே ஓர் உணர்வு நியூரான். அதன் இழை இரண்டாகப் பிரிந்து, கிளைக்கு ஒன்றாக தசையை இயக்கும் இரண்டு இயக்க நியூரான்களைத் தொடுகிறது. நுண்குழாயால் ஒரு கிளையின்மேல் மட்டும் ஐந்து முறை செரோடோனினைப் பீச்சினார்கள். மறுநாள் அந்தக் கிளையின் சினாப்ஸ்கள் மட்டுமே வலுத்திருந்தன.

வேடிக்கை இனிமேல்தான். மற்றக் கிளைக்கு ஒரே ஒரு பீச்சல். வெறுமனே கொடுத்தால் அதன் விளைவு சீக்கிரமே மங்கிவிடும். முதல் கிளை ஐந்தையும் வாங்கியிருந்தாலோ, இந்த ஒற்றைப் பீச்சலும் நீடித்த வலுவாகிறது! உட்கருவிலிருந்து சரக்கு எல்லாத் தெருவுக்கும் வருகிறது. ரேஷன் அட்டை உள்ள வீடுதான் வாங்க முடியும். ஒரு பீச்சல் செரோடோனின்தான் அந்த அட்டை. பாடப்புத்தகத்தில் ஒற்றைச் சினாப்ஸை வரைந்து வைத்திருப்பதால்தான் இது மாணவர் கண்ணில் படுவதில்லை.

நரம்புப்பித்தன்:
வாத்தியார் சொன்னதோடு ஒன்று. அந்த ஒற்றைப் பீச்சல் கிளையிலேயே புரத உற்பத்தியைத் தடுத்துவிட்டால், 24 மணி நேரத்தில் வலு தெரிகிறது. 72 மணி நேரத்தில் இல்லை. வாங்கியதை நிலைநிறுத்த அந்த இடத்திலும் புரதம் தயாராக வேண்டும். அங்கே உறங்கிக் கிடக்கும் தூது ஆர்.என்.ஏ.க்களை (புரதம் செய்வதற்கான மரபணு நகல்களை) எழுப்பும் சி.பி.இ.பி. என்ற புரதம் பிரியானைப்போலத் தன் வடிவத்தைத் தானே நிலைநிறுத்திக்கொள்கிறது என்று கௌசிக் சியும் கேண்டலும் 2003இல் முன்வைத்தார்கள். பிரியான் என்பது தன் வடிவத்தை மற்றப் புரதங்களுக்கும் தொற்றவைக்கும் புரதம்; பெயரைக் கேட்டதும் நோய் என்று பயப்பட வேண்டாம். எனக்குப் பிடித்த கருத்து என்பதால் கொஞ்சம் சார்பாகவே பேசுகிறேன்.

மலர்விழி:
நன்றி ஐயா. ஒரு பீச்சலே அட்டை தருகிறது என்றால், சரக்கை வரவழைக்க மட்டும் ஏன் ஐந்து?

பழைய வாத்தியார்:
உட்கருவில் கிரெப்-2 என்று ஒரு தடுப்பான் உட்கார்ந்திருக்கிறது அம்மா. ஒரு பீச்சலுக்கு அது அசையாது. அதன் எதிர்ப்பொருளை உணர்வு நியூரானுக்குள் செலுத்தி அதை முடக்கிப் பார்த்தார்கள், 1995இல். அப்போது ஒரே பீச்சல் போதுமானதாக இருந்தது. ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் வலுவும், புதிய இணைப்புகளும் வந்தன.