உபுண்டு ஃபோல்டர் விண்டோஸ் 11-ல் திறக்கல

தங்கச்சிமடம் கருவாட்டுக்கடை:
அண்ணன்மாரே, கடையில பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் இல்ல, உபுண்டு லினக்ஸ். நெத்திலி, வாளைக் கருவாட்டுக் கணக்கெல்லாம் அதுலதான். மக லேப்டாப் விண்டோஸ் 11 ப்ரோ. ரெண்டும் ஒரே வைஃபை. விண்டோஸோட ஃபோல்டரைப் பகிர்ற சாம்பா சாஃப்ட்வேரைப் போட்டுப் பாஸ்வேர்டு இல்லாம ஃபோல்டரைத் திறந்துக்கிட்டிருந்தோம். லேப்டாப்ல விண்டோஸோட 24எச்2 அப்டேட் ஏறுனதுல இருந்து உள்ளயே விடமாட்டேங்குது.

பாம்பன்காரன்:
லேன் கேபிள் சொருகுற போர்ட்டப் பாருங்க. நம்ம ஊரு உப்புக்காத்துக்குப் பச்சை பூத்துரும்.

தங்கச்சிமடம் கருவாட்டுக்கடை:
வைஃபைன்னுதானேண்ணே சொன்னேன்!

கீழக்கரை மெக்கானிக்:
காத்து மேல பழி போடாதீங்க. ஃபோல்டர் பகிர விண்டோஸும் சாம்பாவும் பேசுற முறைக்குப் பேரு எஸ்எம்பி. 24எச்2-ல அதுக்கு சைனிங், அதாவது ஒவ்வொரு தகவலுக்கும் கையெழுத்து மாதிரி ஒரு முத்திரை, கட்டாயம். பாஸ்வேர்டு இல்லாம கெஸ்டா நுழைஞ்சா அது நடக்காது. சாம்பாவுக்குன்னு தனிப் பாஸ்வேர்டு வைங்க. உபுண்டு லாகின் பாஸ்வேர்டு அதுக்குத் தானாத் தெரியாது. பழைய எஸ்எம்பி1-ஐ ஆன் பண்ணச் சொல்ல நாலு பேர் வருவாங்க, கேக்காதீங்க. 2017-ல வான்னாக்ரை வைரஸ் அதுல இருந்த ஓட்டை வழியாத்தான் பரவுச்சு.

தங்கச்சிமடம் கருவாட்டுக்கடை:
பாஸ்வேர்டு வச்சேன், அப்பவும் 'தப்பு'ன்னுச்சு. பார்த்தா விண்டோஸ் மக மெயில் ஐடியை யூசர் பேரா அனுப்பிக்கிட்டு இருந்திருக்கு! 'வேற கணக்கு' அமுக்கி உபுண்டு யூசர் பேரைப் போட்டேன், திறந்துருச்சு. திறந்த கையோட, வாளைக் கணக்குல ஒரு சைபர் கூடன்னு மக பிடிச்சுட்டா.