மெனுவில் 22, கையை விட்டுப் போவது 28: கல்லூரி நகரத்துக் கொரியன் கடைக்குப் போகும் முன்

இந்த ஓகஸ்டில் திருகோணமலையிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்க வரும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். விசா, வீடு, வங்கிக் கணக்கு பற்றிச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். வந்து இறங்கிய முதல் மாதமே வகுப்புத் தோழர்கள் "வா, கொரியன் சாப்பிடப் போவோம்" என்று கூப்பிடும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. அம்மாவின் நகையை அடகு வைத்து டிக்கெட் எடுத்து வந்த பிள்ளைக்கு அந்த ஒரு இரவுச் சாப்பாடு ஒரு வாரத்து மளிகைக் காசைக் கொண்டுபோய்விடும். போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கூப்பிடும்போது போகாவிட்டால் நட்பு எங்கிருந்து வரும்? கணக்குத் தெரிந்து போங்கள், கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நான் இருப்பது நியூயோர்க் மாநிலத்தின் உட்பக்கம், பக்கத்தில் பெரிய நகரம் எதுவும் இல்லாத ஒரு கல்லூரி ஊர். கம்பஸுக்கு எதிரே ஒரு கொரியன் கடை இருக்கிறது, பெயர் வேண்டாம். அங்கே பிபிம்பாப் 22 டொலர். ஒரு கிண்ணம் சோறு, மேலே கீரை, கரட், பயற்றம் முளை, காளான், கொஞ்சம் இறைச்சி, ஒரு முட்டை, பக்கத்தில் சிவப்பு மிளகாய் விழுது. சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். அந்த அளவு சோற்றுக்கும் மரக்கறிக்கும் 22 டொலர் அதிகம் என்பதே என் முடிவு, எத்தனை முறை யோசித்தாலும் அது மாறவில்லை.

அந்த 22 முடிவான விலையும் இல்லை. ஊரில் சின்னக் கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு எழும்புவோம், பெரிய ஹோட்டல் என்றால் 10 சதவீத சேவைக் கட்டணம் பில்லிலேயே அடித்து வரும். இங்கே மெனுவில் வரி சேராது. எங்கள் பகுதியில் விற்பனை வரி 8 சதவீதம், 22 டொலருக்கு 1.76. அதற்கு மேல் டிப்ஸ். மேசையில் இருத்திப் பரிமாறும் கடையில் 15 முதல் 20 சதவீதம் வரை கொடுப்பது வழக்கம். 18 சதவீதம் என்று வைத்தால் 3.96. மொத்தம் 27.72 டொலர். ஒரு டொலர் 300 ரூபாய் என்று பார்த்தால் 8,300 ரூபாய்க்கு மேல், அதுவும் குடிக்கத் தண்ணீர் மட்டும் எடுத்தால். (ஒரிகன் போன்ற சில மாநிலங்களில் விற்பனை வரியே இல்லை. உங்கள் ஊரில் எவ்வளவு என்று வந்தவுடன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.)

டிப்ஸை வெட்டிக் காசு மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். மத்திய அரசின் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டொலர்தான். 1991 முதல் அந்தத் தொகை ஏறவேயில்லை. பல மாநிலங்கள் இதைவிடக் கூட்டி வைத்திருக்கின்றன, கலிபோர்னியாவில் முழுக் குறைந்தபட்சக் கூலியும் கொடுக்க வேண்டும். இருந்தாலும் உங்களுக்குத் தட்டு கொண்டு வருபவரின் வாடகை பெரும்பாலும் டிப்ஸ் காசில்தான் போகிறது, அவரும் பல நேரம் உங்களைப் போல ஒரு மாணவர்தான். விலை கூடிய கடை என்ற கோபத்தை அவர்மேல் காட்டக் கூடாது. காசு போதாது என்றால் வெளியே எடுத்துச் சாப்பிடுங்கள். கவுன்டரில் வாங்கிக்கொண்டு போகும்போது டிப்ஸ் கட்டாயமில்லை. திரையில் 18, 20, 25 என்று காட்டினாலும் வேண்டாம் என்று அழுத்தலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்று, ஆறு ஏழு பேர் சேர்ந்து போனால் சில கடைகள் டிப்ஸைத் தாங்களாகவே பில்லில் சேர்த்துவிடும். அதைக் கவனிக்காமல் கீழே உள்ள கோட்டில் திரும்பவும் எழுதினால் இரண்டு தரம் கொடுத்ததாகிவிடும். கையெழுத்துப் போட முன் பில்லை மேலிருந்து கீழ்வரை வாசியுங்கள்.

ஏன் இவ்வளவு விலை என்று பலர் கேட்கிறார்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சீசனுக்குக் கடை நடத்துபவர்களைப் பார்த்த நமக்கு இது விளங்கக் கஷ்டமில்லை. அங்கே மே முதல் செப்டெம்பர் வரை வெள்ளைக்காரர் வரும் மாதங்களில் உழைத்ததை வைத்து மாரி காலத்தையும் ஓட்ட வேண்டும், அதனால் கடற்கரையில் ஒரு தட்டுக் கணவாயின் விலை மத்திய வீதிக் கடையில் உள்ளதைப் போல இருக்காது. கல்லூரி ஊரில் மாதங்கள் தலைகீழ். மே நடுவில் பிள்ளைகள் போய்விட்டால் ஓகஸ்ட் கடைசி வரை ஊர் காலி, கடை வாடகை மட்டும் நிற்காது. கம்பஸ் வாசலில் வாடகையும் கூட. கார் இல்லாத மாணவர் வேறு எங்கும் போகவும் முடியாது, போட்டிக்கு இன்னொரு கொரியன் கடையும் இல்லை. மாட்டிறைச்சி விலை, மிளகாய்த்தூளும் விழுதும் தூர நகரத்திலிருந்து லொறியில் வரும் செலவு, மேசைக்கு மேசை அடுப்பு வைத்த கடை என்றால் புகை இழுக்கும் குழாய்களின் செலவு, எல்லாம் சேர்கிறது. இதெல்லாம் காரணம்தான். ஆனாலும் காரணம் இருப்பதால் மட்டும் விலை நியாயமாகிவிடாது. நியூயோர்க் குயீன்ஸில் அல்லது நியூ ஜெர்சியில் கொரியர்கள் கூட்டமாக வாழும் பகுதிகளுக்கு ஒரு நாள் போனால், அதைவிடக் குறைந்த காசுக்கு மேசை நிறையச் சாப்பிடலாம்.

யார் காசு கொடுப்பது என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஊரில் கொத்துக் கடைக்கு நாலு பேர் போனால் மூத்தவர் அல்லது சம்பளம் எடுப்பவர் கொடுப்பார், மற்றவர்கள் பொய்ச் சண்டை பிடிப்பார்கள். இங்கே அவரவர் சாப்பாட்டுக்கு அவரவர் காசு. கூப்பிட்டவர் கொடுப்பார் என்று நினைத்துப் போகாதீர்கள். பிறந்தநாளும் வேறு மாதிரி. ஊரில் பிறந்தநாள்காரர் சாப்பாடு வாங்கித் தருவார், இங்கே பெரும்பாலும் நண்பர்கள் பங்கு போட்டு அவருக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள். பேராசிரியர் ஆய்வுக்குழுவைக் கூட்டிக்கொண்டு போனால் பல நேரம் அவர் கொடுப்பார், ஆனால் அது விதி இல்லை. முதல் நாளே ஒரு சீனியரிடம் தனியாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

நான் மிகவும் கவலைப்படுவது சமமாகப் பங்கு போடும் மேசைகளைப் பற்றித்தான். நீங்கள் தோஃபு (சோயாப் பாலில் செய்யும் கட்டி) சூப்பும் தண்ணீரும் எடுத்திருப்பீர்கள். மற்றவர்கள் கல்பி என்ற விலா இறைச்சியும் சோஜூ என்ற கொரியன் மதுப் போத்தல்களும் எடுத்திருப்பார்கள். கடைசியில் "ஆறாகப் பிரிப்போம்" என்று ஒருவர் சொல்வார், ஆளுக்கு 50 டொலர் வந்து நிற்கும். அந்த நேரத்தில் வாய் திறப்பது கஷ்டம். ஆகவே இருந்தவுடனேயே பரிமாறுபவரிடம் "செப்பரேட் செக்" என்று சொல்லிவிடுங்கள். தனி பில் கேட்பது இந்த நாட்டில் சாதாரண விஷயம். இறைச்சி சுடும் மேசை என்றால் குறைந்தது இரண்டு பங்கு எடுக்க வேண்டும் என்று பல கடைகளில் விதி இருக்கும், தனி பில்லும் தர மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குக் கூப்பிட்டால் போவதற்கு முன்பே "எனக்கு இந்த மாதம் 20 டொலருக்கு மேல் முடியாது" என்று சொல்லுங்கள். நல்ல நண்பர்கள் வேறு கடை பார்ப்பார்கள். நான் பார்த்த அளவில் அப்படிச் சொன்னவரை யாரும் ஒதுக்கியதில்லை, மேசையில் இன்னும் இரண்டு பேர் "எனக்கும் அப்படித்தான்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு தட்டையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் இங்கே தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. வேலை நேரத்தில் கணக்குப் பாருங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் கம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். மணிக்கு 14 டொலர் என்றால் அந்தப் பிபிம்பாப் இரண்டு மணி நேர வேலை. மாதத்தில் ஒரு நாள் நண்பர்களுக்காக இரண்டு மணி நேரத்தைக் கொடுக்கலாம், வாரா வாரம் கொடுக்க முடியாது.

சரி, போய் இருந்துவிட்டீர்கள். கொரியன் கடையில் நமக்குச் சாதகமான ஒன்று பஞ்சான். நீங்கள் எதையும் கேட்காமலே சின்னச் சின்னத் தட்டுகளில் கிம்ச்சி என்ற உறைப்பான புளித்த கோவா, முளை வகை, கீரை, முள்ளங்கி எல்லாம் மேசைக்கு வரும். கொரியாவில் இதற்குத் தனிக் காசு இல்லை, தீர்ந்துவிட்டால் திரும்பவும் தருவார்கள். இங்கும் பெரும்பாலான கடைகளில் அதே வழக்கம்தான், இரண்டாம் தரத்துக்குக் காசு எடுக்கும் கடையும் உண்டு என்பதால் ஒரு வார்த்தை கேளுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு தட்டில் இனிப்பும் உறைப்புமாகப் பிரட்டிய காய்ந்த நெத்தலி வரும். திருகோணமலைப் பிள்ளைக்கு அதைவிட என்ன வேண்டும்!

பகல் நேரத்தில் போக முடிந்தால் அப்படியே செய்யுங்கள். வார நாட்களில் மதிய விலை என்று தனியாக வைத்திருக்கும் கடைகளில் அதே சாப்பாடு சில டொலர் குறைவு. மிஞ்சினால் பெட்டி கேட்டு எடுத்துக்கொண்டு போங்கள், எல்லோரும் எடுப்பார்கள்.

நம் நாக்குக்குச் சரிவருவது என்ன? என் முதல் தெரிவு ஒஜிங்கோ பொக்கும், உறைப்பாகப் பிரட்டிய கணவாய். மிளகாய் விழுதில் கொஞ்சம் இனிப்பு இருக்கும், ஆனால் சோற்றோடு சேரும்போது குறை தெரியாது. சுந்துபு ஜிகே என்ற பஞ்சு போன்ற தோஃபுக் குழம்பு கொதிக்கக் கொதிக்க வரும், பனிக்காலத்தில் அதற்கு ஈடு இல்லை. முதல் தரம் போகும்போது இறைச்சி சுடும் மேசைக்குப் போக வேண்டாம். ஆனால் யாராவது கூட்டிக்கொண்டு போனால், சலாது இலையில் இறைச்சியும் சோறும் உள்ளியும் விழுதும் வைத்துச் சுருட்டி, கையாலேயே வாயில் போடலாம், அதுதான் அங்கே முறை. மற்றதுக்கு உலோகக் குச்சி வழுக்கும், கரண்டியால் சோறு சாப்பிடுவது கொரியர்களுக்கும் வழக்கம் என்பதால் தயங்க வேண்டாம். குச்சியைச் சோற்றில் நட்டு மட்டும் வைக்காதீர்கள், அது செத்த வீட்டுப் படையல் முறை.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனம். புல்கோகி என்ற ஊற வைத்துச் சுட்ட இறைச்சி பெரும்பாலும் மாடு. பிபிம்பாப்பிலும் ஜப்சே நூடில்ஸிலும் சொல்லாமலே மாட்டிறைச்சி இருக்கும், தோஃபு போட்டுத் தரச் சொன்னால் தருவார்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி என்று இருப்பவர்களுக்கு இன்னும் சிக்கல். மரக்கறி மட்டும் தெரியும் குழம்பிலும் நெத்தலி அவித்த தண்ணீர் இருக்கும், வழக்கமான கிம்ச்சியில் உப்பிட்ட கூனி இறாலோ மீன் சாறோ சேரும். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பிள்ளைகள் கிம்ச்சி ஜிகே என்ற கிம்ச்சிக் குழம்பை எடுக்க முன் கட்டாயம் கேளுங்கள், அதில் பன்றி போடுவதுதான் வழக்கம். சுடும் தட்டும் பொதுத் தட்டு, ஊற வைக்கும் சாற்றில் சமையல் மதுவும் சேர்க்கலாம். "நான் சாப்பிட மாட்டேன்" என்று மட்டும் சொன்னால் பிடிக்கவில்லை என்று நினைப்பார்கள். சமயக் காரணம் என்று சொன்னால் உள்ளே போய்ச் சமையல்காரரிடம் கேட்டு வந்து சொல்வார்கள்.

அப்புறம், கொரியன் ருசி பிடித்துவிட்டதென்றால் கடையை விட்டு மளிகைக்குப் போங்கள். எச் மார்ட் என்ற கொரியன் சுப்பர் மார்க்கெட் 1982-இல் குயீன்ஸில் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கி இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. அது இல்லாத ஊரில் சீனர் நடத்தும் ஆசிய மளிகைக் கடையாவது இருக்கும். கார் வைத்திருக்கும் கொரியன், சீன மாணவர்கள் மாதம் ஒரு தரமாவது போவார்கள், பெற்றோலுக்குப் பங்கு கொடுத்துச் சேர்ந்து போங்கள். ஒரு போத்தல் கிம்ச்சி, ஒரு பை மிளகாய்த்தூள், நாலைந்து தோஃபு, ஒரு மூட்டை அரிசி. கிம்ச்சியை எண்ணெயில் வெங்காயத்தோடு வதக்கி, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, தோஃபுவைப் போட்டால் இரண்டு பேருக்கு இரண்டு நேரக் குழம்பு. கிம்ச்சி நன்றாகப் புளித்திருந்தால்தான் குழம்பு ருசிக்கும், பழசாகிவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள்.

அதே கடையில் காய்ந்த நெத்தலி பை பையாக இருக்கும். சூப்புக்கான பெரிய நெத்தலிக்குத் தலையும் குடலும் கிள்ள வேண்டும், பொரிக்கச் சின்னதை எடுங்கள். செத்தல் மிளகாய், வெங்காயம், தேசிக்காய்ப் புளியோடு ஒரு சம்பல் செய்தால் வீட்டுச் சோறு மாதிரியே இறங்கும். பொரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை எச்சரிக்கை மணி அடித்தால் முழுக் கட்டிடமும் வெளியே நிற்கும். கிம்ச்சிப் போத்தலைக் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்து மெதுவாகத் திறக்க வேண்டும். உள்ளே காற்றுச் சேர்ந்து சிவப்புத் தண்ணீர் பொங்கி வழியும். பிரிட்ஜ் பொதுவானது என்றால் இரண்டு பைகளில் சுற்றி, கீழ்த் தட்டின் பின்பக்கத்தில் வையுங்கள்.