குறிப்பு கொடுத்தும் வராத சொல்

மூத்த மகள்:

அம்மாவுக்கு 76 வயது, அப்பாவுக்கு 78. இரண்டு பேருக்கும் மறதி. "வயசானா இப்படித்தான்" என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருடம் ஓட்டிவிட்டோம். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பெயர்கள்தான் தகராறு. "அவதான்டி, என்கூட கணக்கு டீச்சரா இருந்தாளே..." என்று தவிப்பார். முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் சட்டென்று சொல்லிவிடுவார். சில நாட்களில் இரவு படுத்த பிறகு எழுந்து வந்து, "ஞாபகம் வந்துடுச்சு" என்று பெயரைச் சொல்லிவிட்டுப் போவதும் உண்டு.

அப்பா, "தம்பி எப்ப வர்றான்?" என்பார். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்வேன். பத்து நிமிடத்தில் அதே கேள்வி, இப்போதுதான் முதன்முதலாகக் கேட்பது போன்ற அதே ஆவலோடு.

நரம்பியல் மருத்துவர் அப்பாவிடம் மூன்று சொற்களைச் சொல்லி மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னார்: ரோஜா, யானை, நாற்காலி. அப்பா தெளிவாகத் திருப்பிச் சொன்னார். அடுத்து ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். வட்டம் அழகாக விழுந்தது. எண்கள் மட்டும் வலது பக்கமே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, இடது பாதி காலி. ஒரு முள்ளை 11-க்கும் இன்னொன்றை 10-க்கும் இழுத்தார். பத்து நிமிடம் என்றால் முள் 2-இல் நிற்க வேண்டும் என்பது அவருக்கு எட்டவில்லை. முப்பது வருடம் கட்டட வரைபடம் போட்ட கை அது. நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அந்த மூணு சொல்லு என்னங்கய்யா?" என்றார் மருத்துவர். அப்பா விழித்தார். "ஒண்ணு ஒரு மிருகம்" என்று குறிப்பு கொடுத்தார். அப்பா மரியாதையாகச் சொன்னார்: "நீங்க எதுவும் சொல்லலையே சார்."

அடுத்த வாரம் அம்மாவுக்கும் அதே சோதனை. இரண்டு சொல் தானாக வந்தன. "பூ" என்றதும் மூன்றாவதும் வந்துவிட்டது. அம்மாவுக்குச் சொல் உள்ளே பதிந்திருக்கிறது, தேடி எடுக்கத்தான் நேரமாகிறது. அப்பாவுக்கோ பதியவே இல்லை என்று மருத்துவர் விளக்கினார். மூளையில் புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் அதை ஒட்டிய பகுதியும்தான் அல்சைமர் என்ற மறதி நோய் பெரும்பாலும் முதலில் தாக்கும் இடமாம்.

ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்:

உடற்கூறு ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். மூளைகளைக் கையில் ஏந்தி எடை போட்டிருக்கிறேன். நடுவயதுக்காரர் மூளை 1,300, 1,400 கிராம் இருக்கும். நோயில்லாத முதியவர் மூளையும் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும், மடிப்புகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் சற்று அகன்றிருக்கும். முற்றிய அல்சைமரில் 1,000 கிராமுக்கும் கீழே பார்த்திருக்கிறேன். வெட்டினால் நடுவிலுள்ள நீர் அறைகள் பெருத்தும், ஹிப்போகாம்பஸ் வற்றியும் கிடக்கும். இயல்பான முதுமையில் ஹிப்போகாம்பஸ் ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்கும். இந்த நோயில் 3 முதல் 5 சதவீதம்.

ஆனால் எடையை விட முக்கியமான வித்தியாசம் உள்ளே இருக்கிறது. முதுமையில் நரம்பு செல்கள் கூட்டமாகச் சாவதில்லை. செல்களுக்கு இடையிலான இணைப்புகள் குறைகின்றன, செய்தி கடத்தும் வெள்ளைப் பகுதி தேய்கிறது, அதனால் வேகம் குறைகிறது. சொல்வளம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அல்சைமரில் செல்லே சாகிறது. வெள்ளி உப்பால் சாயமேற்றிய துண்டை நுண்ணோக்கியில் வைத்தால், செல்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதத்தின் படிவுகள் கறை கறையாகவும், செல்லுக்குள் டௌ என்ற புரதம் முறுக்கிய நூல் முடிச்சுகள் போலவும் தெரியும். 1906-இல் அலாய்ஸ் அல்சைமர், அகுஸ்தே டேட்டர் என்ற பெண்ணின் மூளையில் கண்டதும் இவற்றைத்தான். அந்த அம்மாள் 1901-இல் மருத்துவமனையில் சேர்ந்தபோது வயது 51தான். முதுமை வேறு, இது வேறு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 678 கன்னியாஸ்திரிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அவர்களில் சிஸ்டர் மேரி என்பவர் 101 வயதில் இறந்தார். கடைசிச் சோதனைகளிலும் நல்ல மதிப்பெண். மூளையைப் பார்த்தால் படிவுகளும் முடிச்சுகளும் ஏராளம்! அதனால் படிவு இருந்தாலே நோயாளி என்று முடிவு கட்ட முடியாது.

ஒரு மருமகள்:

என் மாமியார் விஷயத்தில் நாங்கள் நேர்மாறாகத் தவறு செய்தோம். பேச்சு குறைந்தது, எதிலும் மந்தம், சொன்னது எதுவும் நினைவில் நிற்கவில்லை. அல்சைமர்தான் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு மிகக் குறைவு என்று வந்தது. மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில், "என்னை ஏன் குழந்தை மாதிரி நடத்துறீங்க?" என்று அவரே கேட்டார். தைராய்டு, வைட்டமின் பி12, மனச்சோர்வு, காது மந்தம், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் முதலில் பாருங்கள்.

மூத்த மகள்:

ஆய்வக ஐயாவுக்கு நன்றி. நோய் வெளியே தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே அமிலாய்டு சேரத் தொடங்கிவிடுமாம். அப்படியென்றால் அப்பா வேலையில் இருந்த நாட்களிலேயே அது தொடங்கியிருக்கலாம். அந்த எண்ணம் இரவில் தூங்க விடுவதில்லை.

இப்போது வாசற்கதவு பக்கம் ஒரு பலகை மாட்டியிருக்கிறோம். இன்று என்ன கிழமை, யார் வருகிறார்கள் என்று காலையில் அம்மா எழுதிவைப்பார். அப்பா கேட்கும்போதெல்லாம் பலகையைக் காட்டுவோம், "இப்பதானே சொன்னேன்" என்று யாரும் சொல்வதில்லை. நேற்று அம்மா எழுதிக்கொண்டே பழைய டீச்சர் கதையை ஆரம்பித்து, வழக்கம்போல் பெயரில் மாட்டிக்கொண்டார். பழைய நினைவுகள் கடைசியாகத்தான் கரையும் போலிருக்கிறது. நாற்காலியில் இருந்த அப்பா, "மரகதம்" என்றார். அம்மா சாக்கட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.