மீன் அள்ளும் கைவலைக்கு மரச்சட்டம்: வளைக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. தூண்டிலில் சிக்கிய மீனைத் தண்ணீரிலிருந்து அள்ளும் கைவலை ஒன்றை மரத்திலேயே செய்து பார்க்கிறேன். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரக்கீற்றுகள் மூன்றை ஆவியில் வேக வைத்து, சொட்டு நீர் வடிவ அச்சில் வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டிச் சட்டமாக்க வேண்டும் என்பது திட்டம்.

தேக்குக் கீற்று இரண்டு முறையும் நுனி வளைவில் வெடித்துவிட்டது. குக்கர் ஆவியை பிவிசி குழாய்க்குள் விட்டேன், குழாய்தான் முதலில் வளைந்தது! ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் பத்து நிமிடம்தான் வைத்தேன். சூளையில் உலர்த்திய பலகை வளையாது என்கிறார்கள், என்னுடையதும் அதுதானோ?

ஹாக்கி மட்டைக்குப் பயன்படும் மல்பெரி மரம் நன்றாக வளையுமாம். பட்டு வளர்ப்பவர்கள் கழிக்கும் தடித்த கிளைகள் கிடைத்தால் பச்சையாகவே வளைக்கலாமா? பிரம்பு தண்ணீரில் நாள்பட நிற்குமா?

அப்புறம் வலை. முடிச்சு வலை மீனின் மேல்வழுவழுப்பை உரசி எடுத்துவிடும். பிடித்ததைத் திரும்ப விடுபவன் நான், அதனால் முடிச்சில்லாத வலையைச் சட்டத்தில் கோப்பது எப்படி என்றும் சொல்லுங்கள். படம் இருந்தால் ரொம்ப நல்லது.