ஒரு மாதத்தில் தளர்ந்துவிடும் ஹோல்ஸ்டர்: எங்கே தப்பு செய்கிறேன்?

புதுப்பட்டறை:
வணக்கம். கையால் தைத்த தோல் ஹோல்ஸ்டர் (இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறை) செய்து விற்கலாம் என்று ஆறு மாதமாக மெனக்கெடுகிறேன். இதுவரை பதினான்கு செய்திருக்கிறேன். ஒன்பது பழகுவதற்குப் போய்விட்டன, ஐந்தைக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. வாங்கியவர்களிடமிருந்து வரும் புகார்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

கொடுத்த அன்று கச்சிதமாக நின்ற துப்பாக்கி, ஒரே மாதத்தில் தொளதொளவென்று ஆடுகிறது என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேருக்குப் பித்தளை பிரஸ் பட்டனைச் சுற்றிப் பச்சையாக, மெழுகு மாதிரி ஏதோ படிகிறதாம். ஒருவர் துப்பாக்கியில் துருப் புள்ளி வந்ததாகப் படம் அனுப்பினார்.

என் முறை இதுதான். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல், கனம் 2.5 மில்லிமீட்டர். தைத்தபின் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நீல நிற டம்மித் துப்பாக்கியைச் செருகி, விரலால் அழுத்தி வடிவம் எடுக்கிறேன். ஹேர் டிரையரில் காயவைக்கிறேன். கடைசியில் மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் நன்றாக ஊறவிடுகிறேன், அந்தத் தேன் நிறம் அப்போதுதான் இறங்குகிறது. இப்போதைக்குச் செய்வது கிளாக் 19, 1911 என்ற இரண்டு கைத்துப்பாக்கி மாடலுக்கு.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். உருவியதும் ஹோல்ஸ்டரின் வாய் மடிந்துகொள்கிறது, திரும்பச் செருக இன்னொரு கையால் விரித்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று ஒருவர் சொன்னார்.

இதையெல்லாம் சரிசெய்துவிட்டு முறையாகத் தொழிலாகத் தொடங்க ஆசை. எத்தனை மாடலில் ஆரம்பிக்கலாம், விலை எப்படிப் போடுவது என்றும் சொல்லுங்கள்.

மெழுகுநூல்:
தம்பி, மூன்று புகாரில் இரண்டுக்குக் குற்றவாளி ஒன்றுதான். எண்ணெய்.

ஈரத்தில் வடிவம் எடுத்த தோல் காய்ந்ததும் விறைத்து நிற்கிறதே, அந்த விறைப்புதான் துப்பாக்கியைப் பிடித்து வைக்கிறது. அதன் மேல் எண்ணெயை ஊற்றினால் நார் எல்லாம் வழுக்கிக்கொண்டு இளகிவிடும். செருப்புக்கு அது நல்லது, ஹோல்ஸ்டருக்கு அதுவே எமன். பட்டனில் வரும் பச்சையும் அதே கதை. எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம் பித்தளையின் செம்போடு சேர்ந்து அப்படிப் படியும். பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போய்விடும், மறுபடி வரும். துருப்பிடிக்காத எஃகுப் பட்டனுக்கு மாறுங்கள்.

துருவுக்குக் காரணம் ஹேர் டிரையர் என்று நினைக்கிறேன். மேல் தோல் காய்ந்த மாதிரி தெரியும், தையல் ஓரத்தில் ஈரம் உட்கார்ந்திருக்கும். போதாததற்கு, வாங்கியவர் துப்பாக்கியை ராத்திரி பகல் அதிலேயே விட்டு வைத்திருப்பார். மரப்பட்டைத் தோலில் இயல்பாகவே கொஞ்சம் அமிலம் உண்டு, காற்று ஈரத்தையும் இழுக்கும். 'இது சுமப்பதற்கு, பத்திரப்படுத்தி வைப்பதற்கு அல்ல' என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள்.

நான் செய்வது: சாதாரணத் தண்ணீரில் முக்கி, குமிழி வருவது நின்றதும் எடுத்துவிடுவேன். ஒன்றிரண்டு நிமிடம் போதும். வெந்நீர் வேண்டவே வேண்டாம். ஈரத் தோலுக்குச் சூடு ஏறினால் சுருங்கி, காய்ந்தபின் அப்பளம் மாதிரி உடையும். நனைந்து கறுத்த தோல் மெல்லத் தன் பழைய நிறத்துக்குத் திரும்பும், ஆனால் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். அந்த நேரத்தில்தான் டம்மியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் செருக வேண்டும். முதலில் கட்டைவிரல், அப்புறம் வழவழப்பான எலும்புக் கரண்டி. நகம் பட்டால் அந்தத் தடம் சாகும்வரை போகாது, வெட்டிவிட்டு உட்காருங்கள். காய்வதற்கு ஒரு முழு நாள், காற்றாடிக்கு முன்னால். எண்ணெய் வேண்டுமானால் பஞ்சில் தொட்டு ஒரே ஒரு பூச்சு, அதுவும் வெளிப்புறம் மட்டும்.

பழையகை:
அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் நீங்கள் 'சின்ன விஷயம்தான்' என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

வாய் மடிகிற ஹோல்ஸ்டர் அழகுக் குறை அல்ல. மடிந்த தோலின் நுனி உள்ளே போய் ட்ரிகர் மேல் உட்காரும். செருகுபவர் 'என்னவோ தடுக்கிறதே' என்று இன்னும் கொஞ்சம் அமுக்குவார். தோல் விரலின் வேலையைச் செய்துவிடும். கிளாக்கில் கட்டைவிரலால் போடுகிற தனிப் பூட்டு கிடையாது. ட்ரிகரின் நடுவில் ஒரு சின்ன நாக்கு உண்டு, தோல் மடிப்பு அதையும் சேர்த்தே அமுக்கும். இழுவை சுமார் இரண்டரைக் கிலோதான், உடம்பு வேகத்தில் செருகும்போது அது ஒன்றுமே இல்லை. துப்பாக்கி அந்த நேரத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தொடை.

விற்ற ஐந்து பேரையும் இன்றைக்கே கூப்பிட்டு, பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். விலை, மாடல் எல்லாம் அப்புறம் பேசலாம்.

புதுப்பட்டறை:
அண்ணா, கொஞ்சம் பயமுறுத்துகிறீர்கள். ஒருவர்தான் வாய் மடிகிறது என்றார். மற்ற நான்கு பேர் ஒன்றும் சொல்லவில்லையே? ஐந்தையும் திரும்ப வாங்கினால் கையில் இருக்கும் தோலும் காலி, பெயரும் கெடும்.

பழையகை:
சொல்லவில்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை, தம்பி. நீங்களே சோதித்துப் பாருங்கள். அதே எண்ணெயில் ஊறிய பழகு பீஸ் ஒன்பது இருக்கிறதே. நிஜத் துப்பாக்கி வேண்டாம், டம்மியே போதும். டம்மியின் ட்ரிகர் மேல் சுண்ணக்கட்டியை அழுத்தித் தேயுங்கள். ஹோல்ஸ்டரை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, குனிந்து பார்க்காமல், ஒரு கையால் இருபது தடவை செருகி எடுங்கள். நின்று பத்து, நாற்காலியில் உட்கார்ந்து பத்து. பிறகு வாயை விரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். வாய் விளிம்பில் வெள்ளை பட்டிருந்தால் அதுதான் பதில்.

பிளாஸ்டிக்காரன்:
இவ்வளவு தலைவலி எதற்கு? தோலை விட்டுவிட்டு கைடெக்ஸுக்கு வாருங்கள். விமானத்தின் உட்புறத்துக்காக 1965இல் வந்த பிளாஸ்டிக், 160 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் ரொட்டி மாவு மாதிரி வளையும், ஆறினால் கல். வாய் மடியாது, ஈரம் ஏறாது, மாதம் ஆனால் தளராது. ஒரு மணி நேரத்தில் ஒன்று முடியும்.

மெழுகுநூல்:
முடியும்தான். ஆனால் அதே ஒரு மணி நேரத்தில் முடிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவர் தையல் கைக்காரர், அதைத்தான் விற்க வந்திருக்கிறார். அப்புறம், கைடெக்ஸிலும் சட்டை நுனி உள்ளே மாட்டினால் இதே ஆபத்துதான். பொருள் எதுவானாலும் கவனம் போகாது.

புதுப்பட்டறை:
சோதித்துவிட்டேன்.

நான்கு பீஸ் எடுத்தேன். மூன்றில் வெள்ளை. ஒன்றில் வாய்க்கு உட்பக்கம், ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையம் (ட்ரிகர் கார்டு) இறங்குகிற இடத்தில், தோல் நகம் மாதிரி உள்ளே சுருண்டு அதன் நுனி முழுக்கச் சுண்ணக்கட்டி. நின்று செருகியபோது ஒன்றும் இல்லை, உட்கார்ந்தபோதுதான் பட்டிருக்கிறது. வயிறும் நாற்காலிக் கையும் சேர்ந்து வாயை நெருக்குகின்றன.

ஐந்து பேரையும் கூப்பிட்டுவிட்டேன். நான்கு பேர் சரி என்றார்கள், ஒருவர் திட்டினார். பரவாயில்லை. இப்போது சொல்லுங்கள், வாயை எப்படி நிமிர்த்தி வைப்பது?

பழையகை:
திட்டினவர்தான் நல்ல வாடிக்கையாளர் ஆவார், பாருங்கள்.

முதலில் கனம். 2.5 மில்லிமீட்டர் ஒற்றைத் தோல் அந்த அளவு துப்பாக்கிக்குப் போதாது. தோல்காரர்கள் அவுன்ஸில் சொல்வார்கள், ஒரு அவுன்ஸ் என்றால் சுமார் 0.4 மில்லிமீட்டர். 8 முதல் 9 அவுன்ஸ் வாங்குங்கள், அதாவது 3.2 முதல் 3.6 வரை. இல்லாவிட்டால் மெல்லிய இரண்டு தோலை உட்புறம் உட்புறமாக ஒட்டித் தையுங்கள், விறைப்பு இன்னும் நன்றாக இருக்கும்.

அடுத்தது வாய்ப்பட்டை. ஹோல்ஸ்டரின் வாயைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு இன்னொரு தோல் துண்டு, இரண்டு வரிசைத் தையல். உடம்புப் பக்கத் தோலை வாய்க்கு மேலே கொஞ்சம் உயர்த்தி விட்டால் சட்டையும் சதையும் உள்ளே வராது. பட்டையை ஒட்டிய பிறகுதான் ஈர வடிவம் எடுக்க வேண்டும், முன்னால் எடுத்தால் இரண்டும் ஒட்டாமல் சண்டை போடும்.

வெட்டுத்தாள் போடும்போது: துப்பாக்கியைச் சுற்றிக் கோடு இழுத்தபின், அதன் கனத்தில் பாதியும் தோலின் கனமும் சேர்த்து அவ்வளவு தள்ளித் தையல் கோடு. துப்பாக்கி 28 மில்லிமீட்டர், தோல் 3 என்றால் 17. இது ஆரம்பக் கணக்குதான். முதல் பீஸை மலிவான தோலில் தைத்துப் பார்த்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின் நகர்த்துங்கள்.

வடிவம் எடுக்கும்போது ட்ரிகர் கார்டின் ஓட்டைக்குள் ஆழமாக அழுத்தாதீர்கள். படத்தில் அழகாகத் தெரியும், ஆனால் தோல் ட்ரிகரோடு ஒட்டி நிற்கும். வெளி விளிம்பை மட்டும் காட்டினால் போதும். மேகசினை (தோட்டா அடுக்கிய கூடு) விடுவிக்கும் பட்டன் மேலும் தோல் அழுந்தக்கூடாது, நடக்கும்போது மேகசின் கழன்றுகொள்ளும். குழல் முனையில் உள்ள குறிபார்க்கும் மேட்டுக்கு நேராக ஒரு மெல்லிய மரக்குச்சியை டம்மியோடு ஒட்டிக்கொள்ளுங்கள். அந்தக் குச்சி விடும் வாய்க்காலில் அந்த மேடு உரசாமல் வரும்.

டம்மியில் பிடிப்பு நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். டம்மி இலேசு. தோட்டா நிரம்பிய 1911 ஒரு கிலோவைத் தாண்டும். கடைசிச் சோதனைக்கு உரிமம் உள்ளவர் ஒருவரின் நிஜத் துப்பாக்கி வேண்டும். தோட்டா வேறு அறையில், துப்பாக்கிக் குழலின் பின்னறையும் மேகசினும் காலி என்று இரண்டு பேர் பார்த்த பிறகு, மெத்தைக்கு மேல் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள்.

கணக்குப்பிள்ளை:
விலையும் மாடலும் என் பக்கம். ஒரு தப்புக் கணக்கை எல்லோரும் போடுகிறார்கள்: 'ஐந்து மாடல்தானே'. ஐந்து மாடல், வலது கை இடது கை, 38 மற்றும் 44 மில்லிமீட்டர் பெல்ட், கறுப்பு பழுப்பு. பெருக்கினால் நாற்பது வகை. ஒவ்வொன்றிலும் ஒன்று செய்து வைத்தால் முதல் வருடம் அலமாரியில் தூங்கும். இரண்டு மாடலில் நில்லுங்கள், கேட்டபின் செய்யுங்கள். அதுவும் 1911 என்று சொன்னால் போதாது. குழல் நீளம் என்ன, அடியில் விளக்கு மாட்டும் தடம் (ரயில்) உண்டா இல்லையா என்று படிவத்தில் கேளுங்கள். ரயில் உள்ளது, இல்லாததற்குச் செய்த உறையில் இறங்காது.

விலைக்கு: ஒரு பீஸ் செய்யும்போது கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். அங்குலத்துக்கு ஏழு தையல், இருபது அங்குலம் என்றால் 140 தடவை துளை போடும் தமரூசி இறங்கி, இரண்டு ஊசியும் சேர்ந்து 280 தடவை ஏறும். இதைப் 'பொழுதுபோக்கு' என்று இலவசமாகப் போட்டால் ஆறே மாதத்தில் கை வலியும் கடனும்தான் மிஞ்சும். தோல், நூல், பட்டன், உங்கள் வேலை நேரம், கெட்டுப்போகும் பீஸ், காப்பீடு எல்லாம் அந்த விலைக்குள் வர வேண்டும். பொருளால் காயம் ஏற்பட்டால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் ஒன்றுகூட விற்காதீர்கள். நேற்று நீங்கள் கூப்பிட்ட ஐந்து அழைப்பின் விலை அதுதான்.

ஆன்லைன் சந்தைகள் சிலவும் விளம்பரத் தளங்கள் சிலவும் துப்பாக்கி சார்ந்த பொருளைக் கட்டுப்படுத்தும். படம் ஏற்றும் முன் அவர்கள் விதியையும், விற்கும் இடத்துச் சட்டத்தையும் படியுங்கள். 'இன்ன துப்பாக்கிக்குப் பொருந்தும்' என்று எழுதலாம், அந்தக் கம்பெனியின் முத்திரையைத் தோலில் அடிக்கக்கூடாது.

புதுப்பட்டறை:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: ஒருவர் பழைய மாதிரி, ட்ரிகர் வெளியே தெரிகிற ஹோல்ஸ்டர் கேட்கிறார். செய்யலாமா?

பழையகை:
1920களில் அமெரிக்காவின் எல் பாசோவில் எஸ்.டி. மையர்ஸ் பட்டறையில் அப்படி ஒன்று பேர் வாங்கியது, டாம் த்ரீபெர்சன்ஸ் மாதிரி என்பார்கள். அது ரிவால்வர் காலம். எந்தத் துப்பாக்கிக்குக் கேட்கிறார்?

புதுப்பட்டறை:
கிளாக் 19.

பழையகை:
முடியாது என்று சொல்லுங்கள்.

புதுப்பட்டறை (ஏழு வாரம் கழித்து):
3.4 மில்லிமீட்டர் தோல், வாய்ப்பட்டை, எஃகுப் பட்டன், வெளிப்புறம் ஒரே ஒரு பூச்சு எண்ணெய். ஐந்து பேருக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். நிறம் பழைய தேன் மாதிரி வரவில்லை, கொஞ்சம் வெளிறித்தான் இருக்கிறது. எனக்காக ஒன்று வைத்துக்கொண்டு டம்மியோடு தினமும் இடுப்பில் மாட்டித் திரிந்தேன். உட்கார்ந்தபடி ஐம்பது தடவை செருகினேன், விளிம்பில் வெள்ளை இல்லை. நேற்று மெத்தை மேல் நிஜத் துப்பாக்கியோடு உலுக்கினோம், நின்றது. திட்டினவர் இடது கைக்கு ஒன்று கேட்டிருக்கிறார்.