காட்டுத்தீயை நேர்ல பாத்தவங்க உங்க அனுபவத்தை சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். ரெண்டு கோடைக்காலம் தீயணைக்கிற வாலண்டியர் டீம்ல இருந்தேன். வெயில் எத்தனை டிகிரியோ அவ்வளவு ஆபத்துன்னுதான் நானும் நினைச்சிருந்தேன், ஆனா எங்க டீம் லீடர் காலையில வந்ததும் வெயிலைப் பத்தி கேக்கவே மாட்டாரு, "ராத்திரி ஹியூமிடிட்டி எவ்ளோ ஏறுச்சு?" இதான் முதல் கேள்வி. பகல்ல எவ்ளோ காஞ்சாலும் ராத்திரி காத்துல ஈரம் ஏறுனா சருகும் புல்லும் அதை இழுத்துக்கும், தீயும் கொஞ்சம் அடங்கும். ராத்திரியும் ஈரம் ஏறலைன்னா விடியும்போதே எல்லாம் பத்திக்க ரெடியா கிடக்கும். ஒரு பிடி சருகை எடுத்து காதுகிட்ட வச்சு கசக்குவாரு, துவண்டு மடங்குனா பேசாம போட்டுருவாரு, நொறநொறன்னு பொடியா உதிர்ந்தா மூஞ்சி மாறிடும்.

ஒரு நாள் தீயணைக்கப் போனோம், அதுக்கு முந்துன நாள்தான் லேசா மழை வேற பெஞ்சிருந்துச்சு, அப்பாடான்னு இருந்தோம். காஞ்ச புல்லு ஒரு மணி நேர வெயில்லயே மறுபடி காஞ்சிரும், அடிமரம் நனையவோ காயவோதான் வாரக்கணக்குல ஆகும், இதெல்லாம் அப்புறம்தான் தெரிஞ்சுது. மத்தியானம் மேக்க இருந்து காத்து, தீ கிழக்கால ஒல்லியா நீளமா ஓடுது, நாங்க அதோட பக்கவாட்டுல நின்னு மண்வெட்டியால புல்லைச் செதுக்கிட்டு இருக்கோம். திடீர்னு காத்து நின்னுச்சு. புகை நேரா மேல போகுது. லீடர் "எல்லாரும் கறுப்புக்குள்ள ஓடுங்க"ன்னு கத்துனாரு, கறுப்புன்னா ஏற்கனவே எரிஞ்சு முடிஞ்ச இடம். பத்து நிமிஷம் கூட ஆகல, வடக்க இருந்து காத்து திரும்பி அடிச்சுது, அது வரைக்கும் பக்கவாட்டா இருந்த மொத்த நீளமும் தீயோட முன்பக்கமா மாறிடுச்சு. நாங்க செதுக்குன கோட்டை ஒரே தாவுல தாண்டிருச்சு.

ஆஸ்திரேலியாவுல 2009 பிப்ரவரி 7 அன்னைக்கு எரிஞ்ச காட்டுத்தீயிலயும் சாயங்காலம் காத்து திரும்புனது பெரிய காரணம், மொத்தம் 173 பேர் போயிட்டாங்க. மெல்போர்ன்ல அன்னைக்கு 46.4 டிகிரி.

---

நீங்க சொன்ன வெயில் விஷயத்துல எனக்கு பாதிதான் சம்மதம் அண்ணே. கனடாவுல லிட்டன்னு ஒரு சின்ன ஊர், 2021 ஜூன் 29ல 49.6 டிகிரி அடிச்சுது, மறுநாளே ஊர்ல பெரும்பகுதி எரிஞ்சு போச்சு. அந்த மாதிரி வெயில் செடியில இருக்கிற கடைசி ஈரத்தையும் உறிஞ்சிடும்ல. காத்து இல்லாம அவ்ளோ வேகமா பரவியிருக்காது, அது சரிதான்.

என் அனுபவம் வேற மாதிரி. அந்த வருஷம் மழை நல்லா பெஞ்சுதுன்னு சந்தோஷப்பட்டோம், இடுப்பு உயரத்துக்கு புல்லு. கோடையில அதே புல்லுதான் காஞ்சு எரிபொருளா நின்னுச்சு. எங்க வீடு மலைச்சரிவுல மேல இருக்கு, சரிவு பத்து டிகிரி கூடுனா தீ வேகம் கிட்டத்தட்ட டபுள் ஆகும்னு அப்ப எங்களுக்கு யாரும் சொல்லல. தீ தூரத்துலதான் இருக்குன்னு பாத்துட்டு இருந்தா வாசல் மிதியடியில உள்ளங்கை அளவு மரப்பட்டை வந்து விழுந்து கிடக்கு, ஓரமெல்லாம் இன்னும் சிவப்பு. மிதியடி புகைய ஆரம்பிச்சிருச்சு. கூரைத் தண்ணி ஓடுற தகரத்துல சருகு அடைஞ்சு கிடந்ததை அப்பதான் நிமிந்து பாத்தேன், வயிறு கலங்கிருச்சு.

---

நான் பாத்தது மழையே இல்லாத இடி மின்னல். மேகத்துல இருந்து மழை கோடு கோடா இறங்குது, தரைக்கு வர்றதுக்குள்ள ஆவியாயிடுது, மின்னல் மட்டும் இறங்குது. ஒரு மரத்துல அடிச்சுது, ஒண்ணும் ஆகலன்னு விட்டுட்டாங்க. உள்ளுக்குள்ளயே கனிஞ்சுட்டு இருந்து நாலாவது நாள் காத்து அடிச்சப்போ பத்திக்கிச்சு.

முதல்ல எழுதுனவருக்கு ஒரு கேள்வி, அந்தக் கறுப்புக்குள்ள சூடா இருக்காதா?

---

இருக்கும், ஏன் இருக்காது. சாம்பலுக்கு அடியில கங்கு அப்படியே கிடக்கும், கால மாத்தி மாத்தி வச்சுட்டு நின்னோம், கூட இருந்த ஒருத்தருக்கு ஷூவோட அடி இளகி கையோட வந்துருச்சு. ஆனா அங்க எரியறதுக்கு வேற ஒண்ணும் மிச்சம் இல்ல, அதனாலதான் உள்ள போனோம்.