வகுப்பில் பேராசிரியரின் பிழையைச் சுட்டிவிட்டேன்: இனி அவரிடம் எப்படி நடந்துகொள்வது, மேற்படிப்புக்கு எப்படித் திட்டமிடுவது?

கேட்டவர்: இரண்டாமாண்டு இயற்பியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் இளநிலை இயற்பியல் மூன்றாம் பருவத்தில் இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்பதால், இதைப் பற்றி வீட்டில் கேட்டுத் தெளிய வழியில்லை.

ஜூலை இறுதியில் ஒளியியல் வகுப்பில் நியூட்டன் வளையங்களை (கண்ணாடித் தட்டின்மேல் குவிவில்லையை வைத்து ஒளியைப் பாய்ச்சும்போது தெரியும் இருண்ட, ஒளிர் வளையங்கள்) நடத்தியபோது, எதிரொளிப்பில் தோன்றும் இருண்ட வளையத்துக்கும் ஒளிர்வளையத்துக்கும் உரிய நிபந்தனைகளைப் பேராசிரியர் இடம் மாற்றி எழுதிவிட்டார். அவர் எழுதியபடி பார்த்தால் நடுப்புள்ளி ஒளிர வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான் ஆய்வகத்தில் அது இருண்டிருப்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருந்தோம். நான் சட்டென்று எழுந்து, "சார், இது தப்பு" என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் சிரித்துவிட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் பலகையைத் துடைத்துச் சரியாக எழுதினார்.

அதன் பிறகு நான் வணக்கம் சொன்னால்கூட அவர் கவனிப்பதில்லை. முதல் அகமதிப்பீட்டுத் தேர்வில் 50-க்கு 29 போட்டிருக்கிறார்; கடந்த இரண்டு பருவங்களிலும் நான் 40-க்குக் கீழே போனதில்லை. ஒப்படைப்பு மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்கு நேராக வெற்றிடம் இருக்கிறது. இந்த ஜூன் முதல் துறைத்தலைவரும் அவரே.

ஐ.ஐ.டி. ஒன்றில் முதுநிலை இயற்பியல் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு முன், அறிவியல் கழகங்கள் நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவும் எண்ணியிருக்கிறேன்; அதற்கு ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? கடிதத்தைத் துறைத்தலைவரிடம்தான் வாங்க வேண்டுமா? அவருடைய மனக்கசப்பு என் மேற்படிப்பையே கெடுத்துவிடுமோ என்ற அச்சத்தில் ஒரு மாதமாகப் பாடத்தில் மனம் செல்லவில்லை.

மறுமொழி: பெங்களூரில் ஆய்வு மாணவர்

தங்கைக்கு வணக்கம். நானும் அரசுக் கல்லூரியில், தமிழ் வழியில் பள்ளி முடித்து வந்தவன்தான். உங்கள் அச்சத்தில் பாதி, எது எதற்குத் தேவை என்று பிரித்துப் பார்க்காததால் வந்தது என்று நினைக்கிறேன். ஐ.ஐ.டி.களில் முதுநிலைச் சேர்க்கை, ஜாம் என்னும் அகில இந்திய நுழைவுத் தேர்வின் தரவரிசைப்படி நடக்கிறது. அதற்கு யாருடைய பரிந்துரைக் கடிதமும் தேவையில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் ஜாம் ஒரு வழி. திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தாளை எழுத வேண்டும். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தை எண்ணினால், ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஜெஸ்ட் நுழைவுத் தேர்வைப் பாருங்கள். ஆக, துறைத்தலைவரின் முகக்குறிப்பால் உங்கள் முதுநிலை வாய்ப்பு பறிபோகாது. கோடைப் பயிற்சி ஒன்றுக்குத்தான் இப்போது கடிதம் வேண்டும். அதன் விண்ணப்பம் வழக்கமாக நவம்பரில் முடிந்துவிடும் என்பதால் காலம் குறைவு.

ஜாம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் நான் இடறி விழுந்த இடம் அதுதான். மூன்று மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண்கள். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே. முதற்பகுதியில் ஒரே விடையுள்ள 30 வினாக்கள். தவறினால் மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். அடுத்த பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கக்கூடிய 10 வினாக்கள். மூன்றாம் பகுதியின் 20 வினாக்களுக்குத் தெரிவுகளே இருக்காது. கணக்கிட்டு எண்ணை நாமே உள்ளிட வேண்டும். நம் பல்கலைக்கழகத் தேர்வுகள் ஒரு சூத்திரத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வருவித்துக்காட்டப் பழக்குகின்றன. ஜாம் அந்தச் சூத்திரத்தில் ஓர் அளவை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்கிறது. பத்து மதிப்பெண் விடைகளை வரி பிசகாமல் மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்த நான், முதன்முதலாகப் பழைய ஜாம் வினாத்தாளை வைத்து உட்கார்ந்தபோது ஒரு மணி நேரத்தில் நான்கு வினாக்களைத்தான் தொட முடிந்தது. நீங்கள் தேர்வு எழுதப்போவது மூன்றாமாண்டின் பிப்ரவரியில். விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர் வாக்கில் தொடங்கும். இப்போதே வாரம் ஒரு பழைய வினாத்தாளின் ஒரு பிரிவையாவது போட்டுப் பாருங்கள். கணித முறைகளில் தொடங்கினால் மற்றவை எளிதாகும். ஐ.ஐ.டி.கள் இணையவழியில் நடத்தும் என்பிடெல் பாடம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அதன் இறுதி மதிப்பெண்ணில் வாராந்திர ஒப்படைப்புக்கு 25 விழுக்காடும் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் உண்டு. ஒரே பருவத்தில் மூன்று பாடங்களில் பதிவுசெய்துவிட்டு ஒன்றையும் முடிக்காத என்னைப் போல் ஆகிவிடாதீர்கள்.

பேராசிரியரை எப்படிச் சமாதானப்படுத்துவது என்பது எனக்கும் கைவந்த கலையன்று; அதைப் பெரியவர்கள் சொல்லட்டும்.

மறுமொழி: முதுநிலை மாணவர், மதுரை

மன்னிப்பு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பலகையில் இருந்தது பிழை, நீங்கள் சொன்னது சரி. அதற்காக மதிப்பெண்ணைக் குறைத்திருந்தால் அது அநீதி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, கல்லூரிகளில் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். புகாரைப் பெற்ற 15 வேலை நாட்களுக்குள் அக்குழு தன் அறிக்கையைத் தர வேண்டும். அதிலும் நிறைவு கிடைக்காவிட்டால் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். பணிந்து போகச் சொல்லும் அறிவுரைகள் இங்கே நிறைய வரும். உங்கள் உரிமையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை

அம்மா, மதுரைத் தம்பி சொன்ன வழி இருக்கிறது. அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் 29 என்பது அநீதியான மதிப்பெண்தானா என்பது உங்களுக்கே இன்னும் தெரியாது, ஏனெனில் விடைத்தாளை நீங்கள் பார்த்ததாக எழுதவில்லை. தாளைப் பார்க்காமல் புகார் கொடுத்து, பிறகு தாளில் மதிப்பெண் சரியாக இருந்துவிட்டால், அடுத்த முறை உண்மையான குறையோடு போகும் மாணவியின் சொல்லும் எடுபடாது. நான் பணியில் இருந்த காலத்தில் இப்படி நடந்து பார்த்திருக்கிறேன்.

மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். மாணவர்கள் என்னையும் பலமுறை திருத்தியிருக்கிறார்கள். திருத்தப்படுவது வலிக்காது, வகுப்பு சிரிப்பதுதான் வலிக்கும், அந்தச் சிரிப்பு யாரால் வந்தது என்பது மனத்தில் தங்கிவிடும். அதே செய்தியை, "சார், இந்த நிபந்தனையில் காற்றுப்படலத்தின் தடிமனைச் சுழி என்று வைத்தால் நடுப்புள்ளி ஒளிர்கிறதே, ஆய்வகத்தில் இருண்டிருந்ததே" என்று கேட்டிருந்தால், அவர் தாமே கண்டுபிடித்துத் திருத்தியிருப்பார். வகுப்புக்கும் அது பாடமாகியிருக்கும். நீங்கள் சொன்னது சரி, சொன்ன விதம் மட்டும் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கலாம். மன்னிப்பு என்றால் அந்த விதத்துக்கு மட்டும்தான். இயற்பியலுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

அவர் உங்களை வெறுக்கிறார் என்றும் உடனே முடிவுகட்ட வேண்டாம். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்று மானியக் குழுவே வகுத்திருக்கிறது; அதற்கு மேல் புதிதாகத் துறைத்தலைவரானவர் ஜூன், ஜூலை மாதங்களில் சேர்க்கை, கால அட்டவணை, உதவித்தொகைப் படிவங்கள் என்று எதில் சிக்கியிருப்பார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். நான் துறைத்தலைவராக இருந்த முதல் ஆண்டில் என் சொந்தத் தங்கையே கல்லூரிக்கு வந்து நின்றபோது, யாரோ பெற்றோர் என்று எண்ணி வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

அவரை வகுப்பு முடிந்த கையோடு நடைகூடத்தில் மறிக்காதீர்கள். தோழிகளைக் கூட்டிக்கொண்டும் போகாதீர்கள். எப்போது வந்தால் வசதி என்று முதல் நாளே கேட்டு, ஒப்படைப்பின் நகலோடும் வினாத்தாளோடும் செல்லுங்கள். "மதிப்பெண் ஏன் குறைத்தீர்கள்" என்று தொடங்கினால் அவர் தம்மைக் காத்துக்கொள்ளத்தான் முனைவார். "எந்த இடத்தில் விட்டேன் என்று தெரிந்தால் அடுத்த தேர்வில் திருத்திக்கொள்வேன், தாளைப் பார்க்கலாமா சார்" என்று கேட்டால் எந்த ஆசிரியரும் தாளை எடுப்பார். ஒப்படைப்பு விடுபட்டதையும் குற்றச்சாட்டாக வைக்காமல், நகலைக் காட்டி, நீங்கள் கொடுத்த தேதியைச் சொல்லுங்கள். இத்தனைக்குப் பிறகும் அவர் தாளைக் காட்ட மறுத்தால், அப்போது எழுத்து மூலமாக முதல்வருக்கும், தேவையானால் அந்தக் குழுவுக்கும் போகலாம். அதில் தயக்கம் வேண்டாம்.

கடிதத்துக்கு வருகிறேன். துறைத்தலைவர்தான் எழுத வேண்டும் என்பது நம் கல்லூரிகளில் வேரூன்றிவிட்ட மூடநம்பிக்கை. கடிதத்தைப் படிப்பவர்களுக்கு ஆசிரியரின் பதவியைவிட அவர் உங்களைப் பற்றி என்ன அறிந்திருக்கிறார் என்பதே வேண்டும். "ஒழுக்கமானவர், தவறாமல் வகுப்புக்கு வருபவர்" என்று ஆண்டுக்கு நாற்பது, ஐம்பது கடிதங்கள் நானே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அவற்றால் எந்தப் பிள்ளைக்கும் பயன் விளைந்திருக்காது என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆய்வகத்தில் உங்கள் பக்கத்தில் நின்றவர், பிழையான அளவீட்டை மீண்டும் எடுக்கச் சொன்னபோது நீங்கள் முகம் சுளிக்காமல் எடுத்ததைப் பார்த்தவர் யாரோ, அவரிடம் கேளுங்கள். அவர் கௌரவ விரிவுரையாளராக இருந்தாலும் தாழ்வில்லை.

கடைசித் தேதிக்கு மூன்று வாரமாவது முன்பாகக் கேளுங்கள். "என்னைப் பற்றி எழுதுமளவு உங்களுக்குத் தெரியுமா" என்று கேட்டால், விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ள வழி இருக்கும். அரைமனத்துடன் எழுதிய கடிதத்தைவிட மறுப்பே மேல். மதிப்பெண் சான்றுகள், செய்த சோதனைகள், எதற்காக விண்ணப்பிக்கிறீர்கள், கடைசித் தேதி என்ன என்பனவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்பவர்கள் நிறைய உண்டு. அப்போது முழுக் கடிதத்தை எழுதாமல், அவர் நேரில் கண்ட நிகழ்வுகளை மட்டும் குறிப்பாக நினைவூட்டிக் கொடுத்து, நடையை அவருக்கே விட்டுவிடுங்கள்.

கேட்டவர் மீண்டும் எழுதியது, பத்து நாட்களுக்குப் பிறகு

மூவருக்கும் நன்றி. சென்ற புதன்கிழமை நேரம் கேட்டுவிட்டுப் போனேன். தாளைக் காட்டினார். பத்து மதிப்பெண் வினாவில் நான் கதிர்ப்படம் வரையவே இல்லை. இரண்டு கணக்குகளில் அலகு எழுதவில்லை. ஓரிடத்தில் மட்டும் கூட்டலில் இரண்டு விடுபட்டிருந்தது, அதைச் சேர்த்து 31 ஆக்கினார். ஒப்படைப்பு எங்கள் வகுப்புப் பிரதிநிதி வைத்திருந்த தாள்கட்டுக்குள் மற்றொரு பாடத்தின் தாள்களுக்கு நடுவே கிடந்திருக்கிறது. மதுரை அண்ணன் சொன்ன குழுவுக்குப் போயிருந்தால் எனக்கு எவ்வளவு வெட்கமாகியிருக்கும் என்று திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அப்படி ஒரு குழு இருப்பது தெரிந்திருந்ததால்தான் கை நடுங்காமல் கதவைத் தட்ட முடிந்தது.

வகுப்பில் பேசிய விதத்துக்கு வருந்துகிறேன் என்று சொன்னேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. கிளம்பும்போது, அடுத்த வார ஆய்வக வகுப்புக்கு முன்னதாகவே வந்து நிறமாலைமானியைச் சரிசெய்து வைக்கும்படி சொன்னார். அது கோபமா, நம்பிக்கையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கடிதத்துக்கு, முதலாமாண்டிலிருந்து எங்களுக்கு ஆய்வகம் எடுக்கும் கௌரவ விரிவுரையாளர் மேடத்திடம் கேட்டேன். அம்மா சொன்னபடியே, என்னைப் பற்றி எழுதுமளவு தெரியுமா என்று கேட்டதும், ஆய்வகப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்; பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாராம். அதில் முதல் பருவத்துச் சோதனைகள் இரண்டில் அளவீடுகளைத் தோழியைப் பார்த்து எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை பதிவேட்டைக் கொடுக்கும்போது அதையும் சொல்லிவிடப்போகிறேன்.